மறைந்தவர்களின் தையல் பெட்டியை மூடிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையில் வரும் மரண அறிவித்தல்களில் ஒரு பெண் எங்கே பிறந்தார், எங்கே வாழ்ந்தார், யாருடைய மகள், யாருடைய மனைவி, யாருக்கு மாமி, யாருக்கு அம்மம்மா என்ற விபரமெல்லாம் குறைவின்றி இருக்கும். அவர் காலமெல்லாம் ஒட்டுப் போர்வை, அதாவது துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை, தைத்தவர் என்பது மட்டும் இருக்காது. திருகோணமலையில் எங்களோடு இருந்து தைத்தவர்களில் சிலர் இப்போது இல்லை. அக்கா, ராத்தா, அன்ரி என்று நாங்கள் கூப்பிட்ட அவர்கள் உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, கிண்ணியா, மூதூர் என்று பல இடத்துக்காரர். அவர்களுடைய துணியில் ஆளுக்கொரு சதுரம் எடுத்து ஒரே நினைவுப் போர்வையாகத் தைக்க வேண்டும் என்று பலரும் விரும்புகிறார்கள். எங்களுக்கும் அதே விருப்பம்தான். ஆனால் உப்புக்காற்றும் வாடை மழையும் உள்ள ஊரில் அவசரமாகத் தைத்த போர்வை நிலைக்காது. அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் இருக்கிறது. மறைந்தவர் பாதியில் விட்ட தையலைப் பிரித்து, "திருத்தி", அழகாக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அவருடைய கை அந்தத் துணியிலிருந்து போய்விடுகிறது. இவ்விரண்டையும் பற்றி இந்த வேலை தெரிந்தவர்கள் என்ற முறையில் எழுதுகிறோம்.

முதலில், துணியை எப்போது கேட்பது. இந்து வீடுகள் பலவற்றில் 31ஆம் நாள் அந்தியேட்டி முடிவதற்குள் உடுப்புகளைக் கொடுத்துவிடுவார்கள், அல்லது எரித்துவிடுவார்கள். ஆட்டைத் திவசம் வரை பொறுத்திருந்தால் ஒன்றும் மிஞ்சாது. செத்த வீட்டில் போய்ச் சேலை கேட்பதும் முறையல்ல. அந்த வீட்டில் ஒருவரிடம் மட்டும், மகளிடமோ சகோதரியிடமோ, "அவவின்ர தையல் பெட்டியை எறியாமல் வைச்சிருங்கோ, பிறகு வாறம்" என்று சொல்லிவிட்டு வந்தால் போதும். முஸ்லிம் வீட்டார் உடுப்புகளை ஏழைகளுக்கு ஸதகாவாகக் கொடுக்க நினைத்திருப்பார்கள். அதில் கைவைக்கக் கூடாது. உடுத்த துணி கிடைக்காவிட்டாலும், துடக்கு என்று வீட்டார் தரத் தயங்கினாலும், ஒன்றும் குறைந்துவிடாது. தைக்கிற பெண்ணின் வீட்டில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் ஒரு பை நிறைய இருக்கும். அவை யாரும் உடுத்தாதவை. உடுத்த சேலையைவிட அந்தப் பைதான் அவரை நன்றாகச் சொல்லும். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எதை வைக்க நினைத்தார் என்பது அதில்தான் தெரியும்.

பெட்டி கைக்கு வந்த அன்றே ஊசிகளையும் குண்டூசிகளையும் எடுத்துவிட வேண்டும். மற்ற வேலை எல்லாம் காத்திருக்கலாம், இது காத்திருக்காது. கடற்காற்றில் துணியில் குத்தியிருக்கும் ஊசி சில கிழமைக்குள் துருப்பிடிக்கும். துரு நூலிழைக்குள் இறங்கினால் அந்த இடம் பிறகு பொத்தலாகும். துருக்கறை கண்டதும் பலர் குளோரின் வெளுப்பானைத் தேடுகிறார்கள். அது கறையைப் போக்காது, இன்னும் அழுத்திப் பிடிக்க வைக்கும், துணியையும் தின்னும். எலுமிச்சம் புளியைக் கறையில் மட்டும் தொட்டு, சிறிது நேரத்தில் நல்ல தண்ணீரால் பலமுறை அலச வேண்டும். புளியைத் துணியிலேயே காயவிட்டால் பருத்தி நைந்துபோகும். கறை முழுதாகப் போகாவிட்டால் அப்படியே இருக்கட்டும்.

இனி பாதியில் நின்ற வேலை. அவர் போட்ட தையல் எதையும் பிரிக்காதீர்கள். கோணல் என்றாலும், மூலைகள் ஒன்றோடொன்று சேராவிட்டாலும் பிரிக்காதீர்கள். நூல் தானாகவே அறுந்து துணி கழன்ற இடத்தில் மட்டும், பழைய ஊசித் துளைகளிலேயே புது நூலை ஓட்டலாம். ஒட்டுத் துணியில் தையலுக்கும் துணி ஓரத்துக்கும் நடுவே கால் அங்குல இடைவெளி விடுவதுதான் பொதுவான அளவு. ஆனால் வீட்டில் பழகிய பலர் முக்கால் சென்ரிமீற்றர், ஒரு சென்ரிமீற்றர்கூட விட்டிருப்பார்கள். அவருடைய துண்டுகளோடு புதுத்துண்டு சேர்க்கிறபோது அவர் விட்ட அளவையே நீங்களும் விடுங்கள். அவருடைய கட்டத்தின், அதாவது அவர் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த சதுரத்தின், மொத்த அளவு மற்றவற்றோடு பொருந்தாவிட்டால் வெட்டிக் குறைக்க வேண்டாம், சுற்றிலும் சட்டம் வைத்துப் பெரிதாக்குங்கள். உதாரணமாக, அவர் கட்டம் 11¼ அங்குலம் இருக்கிறது, உங்களுக்கு 12½ வேண்டும் என்றால், நாலு பக்கமும் 1½ அங்குலப் பட்டி வைத்துத் தைத்தால், தையலில் போவது போக, பக்கத்துக்கு 1 அங்குலம் கூடி 13¼ ஆகும். பிறகு பட்டியில் மட்டும் நாலு பக்கமும் சமமாக, பக்கத்துக்கு ⅜ அங்குலம், வெட்டி 12½ ஆக்கலாம். அவர் கைபட்ட இடத்தில் கத்தரிக்கோல் படாது.

அவருடைய நூலோட்டத்தைப் போலவே தைக்க முயலவும் வேண்டாம். அங்குலத்துக்கு ஐந்து தையல் அவருடையது, எட்டு உங்களுடையது என்றால் எட்டாகவே தையுங்கள். அவர் நிறுத்திய இடத்தில், பின்பக்கமாக, வேறு நிற நூலால் ஒரு சிறு குறுக்குத் தையல் போட்டு வையுங்கள். பின்னால் வருகிற பேரப்பிள்ளைக்கு "அம்மம்மா தைச்சது இவ்வளவு" என்று காட்ட அது உதவும்.

துணியைத் தரம்பிரிப்பதில்தான் பெரும்பாலான நினைவுப் போர்வைகள் கெடுகின்றன. மருதமுனைக் கைத்தறி, பொப்ளின், சாரத் துணி போன்ற பருத்தி வகைகள் தைக்க இலகு. நைலெக்ஸ், ஜோர்ஜெட், பட்டு வழுக்கும். எது எதுவென்று தெரியாவிட்டால் ஓரத்தில் நாலு இழை உருவி, சாவணத்தால் பிடித்து, பீங்கான் தட்டின் மேல் கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி மணத்தோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். பட்டு தலைமயிர் கருகிய மணம் தரும், கரியைத் தொட்டால் பொடியாகும். செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். இது தெரிந்தால்தான் எந்தச் சூட்டில் ஸ்திரிக்கை போடலாம் என்பது தெரியும். நைலெக்ஸில் பருத்திச் சூடு பட்டால் அந்தச் சேலை போனதுதான், வேறொன்று கிடைக்கப் போவதில்லை.

பிறகு பலம் பார்க்க வேண்டும். இரண்டு பெருவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். சேலையில் காலடி ஓரமும், அலுமாரியில் வருடக்கணக்காக ஒரே இடத்தில் மடிந்திருந்த கோடும் முதலில் விட்டுக்கொடுக்கும். சட்டையில் அக்குள் பகுதியை எடுக்கவே வேண்டாம், வியர்வை துணியை அரித்திருக்கும். சரிகை உள்ள கரையைப் போர்வையின் நடுவில் வைக்காதீர்கள். மடிக்கிறபோது அது பக்கத்துத் துணியை அறுக்கும், உப்புக்காற்றில் கறுக்கவும் செய்யும். சரிகை கட்டாயம் வேண்டும் என்று வீட்டார் கேட்டால் ஓரத்துக்கு அருகில், மடிப்பு விழாத இடத்தில் ஒரு கீற்று மட்டும் வையுங்கள்.

கழுவாமல் தைக்கலாமா, அவருடைய மணம் போய்விடுமே என்று கேட்பார்கள். கேட்பது நியாயம். ஆனால் வியர்வையும் தேங்காய் எண்ணெயும் துணியை மஞ்சளாக்கும். கஞ்சி போட்ட சேலை வெள்ளிப் பூச்சியையும் கரப்பானையும் கூப்பிடும். மணத்துக்காக ஒரு கைக்குட்டையையோ துவாயையோ வீட்டார் தனியே வைத்திருக்கட்டும், போர்வைக்கான துணியைக் கழுவத்தான் வேண்டும். கழுவுமுன் சாயம் பாருங்கள். வெள்ளைக் கோப்பையில் இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்து ஒரு முனையை அரை மணித்தியாலம் ஊறவிட்டு, எடுத்து வெள்ளைத் துணியில் ஒற்ற வேண்டும். சிவப்பு, மரூன், கடுநீலம் மூன்றையும் சந்தேகத்தோடே பாருங்கள். உப்பும் வினாகிரியும் போட்டால் சாயம் நிற்கும் என்பது கடையில் வாங்கும் இக்காலத் துணிகளுக்குப் பொருந்தாது. சாயம் இறங்குவது நிற்கும்வரை தனியே அலசுவதுதான் வழி. பல அலசலுக்குப் பிறகும் இறங்கினால் அந்தத் துணியைப் போர்வையில் சேர்க்காதீர்கள். ஒருவருடைய சிவப்பு மற்றொருவருடைய வெள்ளையைக் கெடுக்கக் கூடாது. கிணற்று நீர் உவராக இருந்தால் கடைசி அலசல் குழாய்த் தண்ணீரில் இருக்கட்டும், துணியில் தங்கும் உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இவ்வளவையும் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களிலேயே முடிக்க வேண்டும். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் துணி உட்புறம் காயாது, பூஞ்சணம் பிடிக்கும்.

பலர் பல இடத்தில் இருந்து தைத்து ஒன்றுசேர்ப்பதற்கு நல்ல முன்மாதிரி அமெரிக்காவின் எய்ட்ஸ் நினைவுப் போர்வை. 1987இல் வாஷிங்டனில் முதன்முதலாக விரித்தபோது அதில் 1,920 துண்டுகள் இருந்தன. ஒவ்வொரு துண்டும் 3 அடிக்கு 6 அடி, ஒரு சவக்குழியின் அளவு. உள்ளே என்ன தைப்பது என்பதைத் தைத்தவர்களிடமே விட்டார்கள். அளவை மட்டும் யாரும் மாற்ற முடியாது. நாங்களும் இதையே சொல்கிறோம். ஒருவருக்கு ஒரு கட்டம், முடிந்த அளவு 12 அங்குலம், வெட்டும் அளவு 12½. அதற்குள் அவரவர் விருப்பம்.

ஆனால் கிண்ணியாவில் ஒரு அளவு நாடா, நிலாவெளியில் ஒரு அளவு நாடா என்றால் கட்டங்கள் பொருந்தா. துணி நாடா பழையதானால் நீண்டிருக்கும். ஆகவே எல்லோரும் 13 அங்குலத்தில் தைத்து வெட்டாமலே அனுப்ப வேண்டும், ஒருவர் மட்டும் ஒரே அச்சை வைத்து எல்லாவற்றையும் 12½ ஆக வெட்ட வேண்டும். அந்த அச்சைப் பழைய எக்ஸ்ரே தாளில் வெட்டுங்கள். கார்ட்போர்ட் ஓரம் தேய்ந்து நாலாவது கட்டத்திலேயே அளவு மாறிவிடும்.

கால் அங்குலம் சரியாக விழுகிறதா என்பதை மெஷினில் முதலே சோதியுங்கள். 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டி வெட்டி அடுத்தடுத்துத் தைத்தால் நடுப்பட்டி சரியாக 1 அங்குலம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஊசியிலிருந்து கால் அங்குலத்தில் மெஷின் தட்டில் ஒரு டேப் ஒட்டி அதை ஒட்டியே துணியை ஓட்டுங்கள். இது ஏன் முக்கியம் என்றால், ஒரு பக்கத்தில் 1/16 அங்குலம் தவறினால் ஒரு மூட்டில் ⅛ ஆகும். ஆறு துண்டு உள்ள வரிசையில் ஐந்து மூட்டு, மொத்தம் ⅝ அங்குலம் காணாமல் போகும். பிறகு இழுத்துப் பிடித்துத் தைப்பார்கள், போர்வை நடுவில் உப்பும்.

வொயில், நைலெக்ஸ், நைந்த பருத்தி ஆகியவற்றைத் தனியாகத் தைக்காதீர்கள். 13 அங்குலச் சதுரமாக ஒரு மெல்லிய வெள்ளைப் பருத்தியை அடித்துணியாக வைத்து, நடுவில் ஒரு துண்டை விரித்து, அடுத்ததை அதன்மேல் முகத்தோடு முகமாக வைத்துத் தைத்துத் திருப்பி, அப்படியே ஓரம்வரை போக வேண்டும். இழுவை முழுவதையும் அடித்துணி தாங்கும், துண்டின் இழை எந்தப் பக்கம் ஓடினாலும் பரவாயில்லை. வங்காளப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கிக் காந்தா தைப்பதும் இதே நியாயத்தில்தான். நைந்த துணி தனியே நிற்காது, அடுக்கினால் நிற்கும். நூல் பருத்தி நூலாக இருக்கட்டும். பழைய துணியைவிட நூல் பலமாக இருந்தால் இழுபடும்போது துணிதான் கிழியும். நூல் அறுந்தால் மறுபடி தைக்கலாம். வொயிலுக்கு 11ஆம் இலக்க மெஷின் ஊசி போதும், சாரமும் அடித்துணியும் சேர்ந்து தடிக்கும் இடத்தில் 14 போடுங்கள்.

பெயர் தைப்பதில் தமிழ் எழுத்துக்கு இடம் வேண்டும். ணு, ஞ, ஜ, இ போன்றவை ஒரு அங்குல உயரத்துக்குக் குறைந்தால் சுழி அடைபட்டு என்ன எழுத்தென்று தெரியாது. ஆறு இழை நூலில் இரண்டு இழை எடுத்துக் காம்புத் தையலோ பின் தையலோ போடலாம். நேர்க்கோட்டில் 4 மில்லிமீற்றர், வளைவில் 2 மில்லிமீற்றர். புள்ளிகளுக்குப் பிரெஞ்சு முடிச்சு. தைத்து முடித்ததும் புள்ளிகளை எண்ணிப் பாருங்கள், ஒரு புள்ளி விடுபட்டால் அது அவருடைய பெயரே அல்ல. பெயரை வீட்டாரே தாளில் எழுதித் தரட்டும், முதலெழுத்தும் அவர்கள் எழுதுகிறபடியே இருக்கட்டும். அரபு எழுத்திலும் வேண்டும் என்று கேட்டால் அதையும் அவர்களே எழுதித் தர வேண்டும், பார்த்துப் பிரதிபண்ணுவதில் பிழை வரும்.

பேனா வேண்டாம். போல்பொயின்ற் மை பரவும், மார்க்கர் மை மங்கும். அமெரிக்காவில் 1840களில் கையொப்பப் போர்வைகள் பெருவழக்காக இருந்தபோது இரும்பு கலந்த மையால் எழுதினார்கள். பல போர்வைகளில் அந்த மை துணியைத் தின்று, பெயர் இருந்த இடத்தில் ஓட்டை விழுந்தது. கோடு போட ஸ்திரிக்கைச் சூட்டில் அழியும் பேனா இப்போது விற்கிறார்கள். அந்தக் கோடு அழிவதில்லை, நிறம் மறைகிறது, கடுங்குளிரில் மறுபடி தெரியும். போர்வை கனடாவில் உள்ள பிள்ளைகளிடம் போனால் அங்கே பனிக்காலத்தில் எல்லாக் கோடும் எழுந்து நிற்கலாம். பென்சிலால் மெல்லிதாகக் கீறினால் போதும். துணியில் படம் அச்சடித்து ஒட்டுவதையும் நாங்கள் விரும்பவில்லை. மடிப்பில் வெடிக்கும், வெடிப்பு முகத்தின் குறுக்கே ஓடும், முஸ்லிம் வீடுகள் பலவற்றில் முகம் வைப்பது ஏற்றதுமல்ல. முகத்துக்கு நினைவு மலர் இருக்கிறது.

போர்வையின் கணக்கு இது. குறுக்கே 5, நெடுக்கே 6 என்று 30 கட்டம் வைத்தால் 60க்கு 72 அங்குலம். சுற்றிலும் 3 அங்குலக் கரை வைத்தால் 66க்கு 78. அடிப்பாகம் ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் கூட வேண்டும், ஆகவே 74க்கு 86. இதற்கு 45 அங்குல அகலமுள்ள ஒரு நல்ல பருத்திச் சேலை போதும். 6 யார் என்பது 216 அங்குலம். 86 அங்குலமாக இரண்டு துண்டு வெட்டினால் 172 போகும், மிச்சம் 44. இரண்டையும் நெடுக்காக இணைத்தால் 89 அங்குல அகலம் வரும். மிச்சத்தில் 2½ அங்குலப் பட்டி 8 வெட்டினால் 20 அங்குலம் செலவு, ஓரம் கட்ட அது தாராளம். கட்டங்கள் முப்பதையும் இப்போதே நிரப்ப நினைக்க வேண்டாம். வெறுங்கட்டம் இருப்பது அபசகுனம் என்று நினைப்பவர்கள் அங்கே சாதாரணப் பூத்துணி வைக்கலாம்.

நடுவில் வைக்க இலவம் பஞ்சு வேண்டாம், ஒரு பக்கம் ஒதுங்கிக் கட்டிபடும். தடித்த பொலியெஸ்டர் வாடிங் எங்கள் சூட்டுக்குச் சரிவராது. கழுவிச் சுருங்கி முடிந்த பழைய பருத்திப் பெட்சீட் ஒன்றே போதும். மூன்று அடுக்கையும் நிலத்தில் விரித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக 4 அங்குலத்துக்கு ஒரு வரி தற்காலிக நூலோட்டம் போட வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கம் முழுதும் நடுவில் வந்து சேரும். மழைக்காலத்தில் சீமெந்துத் தரையில் இரவு விட்டுவிடாதீர்கள், தரை ஈரம் ஏறும்.

தொங்கவிட வேண்டுமானால் பின்பக்க மேல் ஓரத்தில் 4 அங்குல அகலக் குழாய் உறை தைத்து அதற்குள் தடியைச் செருகுங்கள். ஆணியும் கிளிப்பும் ஒரு புள்ளியில் முழுப் பாரத்தையும் போடும். வைத்திருக்கும்போது பொலித்தீன் பை வேண்டாம், ஈரம் உள்ளே அடைபடும். துணி சுற்றிய பிவிசி குழாயில், மேற்பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி, வெள்ளைத் துணியால் மூடுங்கள். மடித்துத்தான் வைக்க முடியும் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். வேப்பிலை போடுவதானால் நன்றாகக் காய்ந்ததைச் சிறு பையில் கட்டிப் போடுங்கள், பச்சை இலை கறை விடும்.

இந்தக் கடிதத்தால் ஒரு வேண்டுகோளும் உண்டு. நகரில் பொது மண்டபமோ நூலகமோ பாடசாலையோ வைத்திருப்பவர்கள், நேர் வெயில் படாத, ஈரம் கசியாத ஒரு சுவரை வருடத்தில் ஒரு நாள் எங்களுக்குத் தந்தால், இந்தப் போர்வையை விரித்து மறைந்தவர்களுடைய குடும்பத்தார் வந்து பார்க்க வைக்கலாம். கச்சான் மாதங்களில் எந்த நாளும் எங்களுக்குச் சம்மதம். மரண அறிவித்தல் எழுதித் தரும் குடும்பத்தார், "சிறந்த தையற்காரரும்" என்று ஒரு சொல் சேர்த்தால் அதற்காகவும் நன்றி சொல்வோம்.

போர்வையோடு ஒரு சீ.ஆர். கொப்பியும் இருக்க வேண்டும். எந்தக் கட்டம் யாருடையது, எந்த வருடம் பிறந்து எந்த வருடம் மறைந்தார், துணி எதிலிருந்து எடுத்தது, யார் தைத்து முடித்தார், எப்படிக் கழுவ வேண்டும் என்பதை ஒரு பக்கத்துக்கு ஒருவராக எழுதி, அந்தத் துணியில் ஒரு சிறு துண்டையும் அதே பக்கத்தில் சேருங்கள். ஸ்ரேப்ளர் கம்பி துருப்பிடிக்கும், பசை பூச்சியைக் கூப்பிடும். துண்டை நூலால் நாலு மூலையிலும் தாளோடு தைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒட்டுப் போர்வை தைக்கும் பெண்கள்,
திருகோணமலை.